பனி கட்டிய அணைகள் உடைந்தபோது: வாசகர் கேள்வி – பதில்

சிக்கிமின் தெற்கு லோனக் ஏரி 2023 அக்டோபரில் உடைந்ததைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டித் தில்லி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பல, பனியுகத்தின் பெருவெள்ளங்களை நோக்கிப் போயின. அவற்றிலிருந்து தொடங்குகிறோம்.

பனிக்கட்டி தண்ணீரில் மிதக்கும். அது எப்படி ஒரு ஏரியையே தடுத்து நிறுத்த முடியும்? உடைந்தால் எவ்வளவு தண்ணீர் வரும்?
— வாசகர், கரோல் பாக்

மிதக்க வேண்டுமானால் சுற்றிலும் போதிய ஆழத்துக்கு நீர் வேண்டும். பள்ளத்தாக்கை அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கும் பனியாற்றுக்கு அதன் எடைதான் பலம். பனியின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் பத்தில் ஒன்பது பங்கு என்பதால், 600 மீட்டர் ஆழ நீரைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 670 மீட்டர் கனத்துக்குப் பனி தேவை. நீர்மட்டம் அந்த வரம்பை நெருங்கும்போது பனியின் அடிப்பகுதி தரையில் அழுந்துவது தளர்ந்துவிடும். நீர் அந்த இடுக்கில் நுழையும்.

நுழைந்த நீர் வழியை அகலமாக்கிக்கொண்டே போகும். ஒரு கன மீட்டர் நீர் 600 மீட்டர் கீழிறங்கினால், உராய்வில் பிறக்கும் வெப்பம் சுமார் 17 கிலோ பனியை உருக்கப் போதும். வழி அகன்றால் நீர் கூடும், நீர் கூடினால் உருகுவதும் கூடும். ஏரி வடிந்து அழுத்தம் குறைந்ததும், மேலிருந்து அழுத்தும் பனி அந்தச் சுரங்கத்தை நசுக்கி மூடிவிடும். அணை முழுவதும் இடிந்துபோயிருந்தாலும் பின்னாலிருந்து வரும் பனியாறு பள்ளத்தாக்கை மறுபடி அடைக்கும். ஏரி திரும்ப நிரம்பத் தொடங்கும். மண் அணை உடைந்தால் உடைந்ததுதான். பனி அணையோ தன்னைத் தானே திரும்பக் கட்டிக்கொள்ளும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பனியுக வெள்ளங்களில் பாதி புரிந்துவிடும்.

இதற்குப் பெரிய சான்று அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் இருந்த மிசூலா ஏரி. கனடாவிலிருந்து இறங்கிய பனிப்படலத்தின் ஒரு கிளை கிளார்க் ஃபோர்க் ஆற்றை மறித்தது. அணை ஓரத்தில் ஏரியின் ஆழம் 600 மீட்டர், கொள்ளளவு 2,000 கன கிலோமீட்டருக்கு மேல். சுமார் 18,000 முதல் 15,000 ஆண்டுகளுக்கு முன்பு அது பலமுறை நிரம்பிப் பலமுறை உடைந்தது. பெரிய உடைப்பின் உச்சப் பாய்ச்சலை வினாடிக்கு 1.7 கோடி கன மீட்டர் வரை மதிப்பிடுகிறார்கள். 2023 ஜூலையில் ஹத்னிகுண்ட் தடுப்பணையிலிருந்து யமுனையில் திறந்துவிட்ட உச்ச அளவு வினாடிக்கு 3.59 லட்சம் கனஅடி, அதாவது ஏறத்தாழ 10,200 கன மீட்டர். மிசூலா வெள்ளம் அதைப்போல் 1,600 மடங்குக்கும் மேல்.

இன்றும் இது நடக்கிறது. கிர்கிஸ்தானின் மெர்ஸ்பாகர் ஏரி ஏறக்குறைய ஆண்டுதோறும் பனிக்கு அடியில் வடிகிறது. பாகிஸ்தானின் ஹசனாபாத்தில் 2022 மே மாதம் காரகோரம் நெடுஞ்சாலைப் பாலத்தை அடித்துச் சென்றதும் ஷிஸ்பர் பனியாறு அடைத்து வைத்திருந்த ஏரிதான்.

பார்த்த மனிதர் யாரும் எழுதிவைக்காத வெள்ளம். நடந்தது என்று மாணவர்களுக்கு எப்படி நிறுவிக் காட்டுவது?
— ஆசிரியை, மந்திர் மார்க்

நிலவியலாளர்களுக்கே இதை ஏற்க அரை நூற்றாண்டு ஆனது. அந்த வரலாற்றையே பாடமாக நடத்தலாம்.

ஜே ஹார்லன் பிரெட்ஸ் என்பவர் வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குப் பகுதியை நடந்து ஆராய்ந்து, அங்குள்ள வறண்ட கால்வாய்களும் பள்ளங்களும் ஒரே பெருவெள்ளம் வெட்டியவை என்று 1923-இல் எழுதினார். ஆறுகள் மெல்ல மெல்ல அறுத்துத்தான் நிலம் உருவாகும் என்று நம்பியவர்கள் 1927-இல் தலைநகர் வாஷிங்டனில் ஒரு கூட்டம் நடத்தி அவரை மடக்கினார்கள். அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அவரிடம் சரியான பதில் இல்லை. பதில் ஏற்கெனவே அச்சாகியிருந்தது என்பதுதான் வேதனை. மிசூலா ஏரியைப் பற்றி ஜோசப் பார்டி 1910-லேயே கட்டுரை வெளியிட்டிருந்தார். அதே பார்டி 1942-இல், அந்த ஏரிப் படுகைக்குள்ளேயே 10 மீட்டர் வரை உயரமுள்ள சரளை அலைமேடுகள் நூறு மீட்டர் அளவு இடைவெளியில் வரிசையாக இருப்பதைக் காட்டினார். ஆற்று மணலில் விரல் உயரத்துக்கு விழும் அலைவரி இங்கே மாடி வீட்டு உயரத்துக்குச் சரளையில் விழுந்திருக்கிறது. மெல்ல வடிந்த ஏரியில் இப்படி நேராது. பிரெட்ஸுக்கு அமெரிக்க நிலவியல் கழகத்தின் பென்ரோஸ் பதக்கம் 1979-இல் கிடைத்தது. அப்போது அவர் 95 வயதைக் கடந்திருந்தார்.

வகுப்பில் நான்கு சாட்சிகளை வையுங்கள். முதலாவது, வாஷிங்டன் மாநிலத்தின் வறண்ட அருவி டிரை ஃபால்ஸ்: 120 மீட்டர் உயரமும் ஐந்தரைக் கிலோமீட்டர் அகலமும் கொண்ட பாறை விளிம்பு, இன்று மேலிருந்து ஒரு சொட்டு நீர் விழுவதில்லை. இரண்டாவது, பார்டி கண்ட அலைமேடுகள். மூன்றாவது, ஒரேகானின் வில்லமெட் பள்ளத்தாக்கில் கிடக்கும் அந்நியப் பாறைகள். அவ்வட்டாரத்தில் இல்லாத கல்வகை, மிதந்து வந்த பனிக்கட்டிகள் சுமந்து வந்து இறக்கியவை. நான்காவது நமக்கு மிகப் பிடித்தது. அதே வாஷிங்டன் மாநிலத்தின் வாலா வாலா நகருக்குப் பக்கத்தில் மணல், அதன்மேல் வண்டல், மறுபடி மணல், மறுபடி வண்டல் என்று சுமார் 40 அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன. நடுவே செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையின் சாம்பல் கலங்காமல் படிந்திருக்கிறது. ஒரே வெள்ளத்தின் நடுவில் சாம்பல் அப்படி அமைதியாகப் படிய முடியாது. ஆகவே அடுக்குக்கு ஒரு வெள்ளம், இடையில் காய்ந்த ஆண்டுகள். ஒரே வெள்ளம் என்ற பிரெட்ஸின் கருத்தும் இந்த இடத்தில் திருத்தப்பட்டது.

ஒரு ஏரி வடிந்ததால் உலகத் தட்பவெப்பமே மாறியது என்று படித்தேன். மிகைதானே?
— வாசகர், ஜனக்புரி

மிகையில்லை. கனடாவின் நடுப்பகுதியிலும் அமெரிக்காவின் வட எல்லையிலும் பரவியிருந்த அகாசிஸ் ஏரி, இன்றைய ஐந்து பேரேரிகளும் சேர்ந்த பரப்பைவிடப் பெரியது. சுமார் 8,200 ஆண்டுகளுக்கு முன்பு அதை அடைத்திருந்த பனி உடைந்து, நன்னீர் முழுவதும் ஹட்சன் விரிகுடா வழியாக வட அட்லாண்டிக்கில் கலந்தது. உப்பு குறைந்த நீர் கனம் குறைந்தது, மேலேயே நிற்கும். வெப்பநீரை வடக்கே இழுத்துச் செல்லும் கடலோட்டம் அதனால் தளர்ந்தது. கிரீன்லாந்துப் பனியில் துளையிட்டு எடுத்த பனி உருளைகளில் அந்தக் குளிர் ஒன்றரை நூற்றாண்டு அளவுக்குத் தெளிவாகப் பதிந்திருக்கிறது. ஏரியின் அடித்தளம்தான் இன்றைய ரெட் நதிச் சமவெளி. சரிவே இல்லாத தட்டை நிலம் என்பதால் வின்னிபெக்கும் ஃபார்கோவும் இன்னும் வெள்ளத்தில் தவிக்கின்றன.

தில்லியும் தமிழ்நாடும் பனிக்கு அடியில் இருந்ததுண்டா?
— வாசகி, லட்சுமிபாய் நகர்

கடைசிப் பனியுகத்தில் இல்லை. தில்லி ரிட்ஜின் குவார்ட்சைட் பாறைகள் மிகப் பழையவை, ஆனால் பனியாறு உரசியவை அல்ல. பல்ஸ்வா ஏரி யமுனை கைவிட்ட பழைய வளைவு. நீலகிரியின் கரிச்சேற்றுப் படிவுகள் அக்காலத் தட்பவெப்பத்தைப் பதிவு செய்துள்ளன, பனியாற்றை அல்ல. இந்தியச் சமவெளியில் பனியாறு ஓடியதற்குச் சான்று வேண்டுமானால் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகள் பின்னே போக வேண்டும்: ஒடிசாவின் தால்சேர் பாறாங்கல் படிவுகள் அக்காலத்தவை.

செப்டம்பரில் மணாலி, லே வழியாகக் காரில் போகிறோம். பழைய ஏரிகளின் தடத்தை நாமே அடையாளம் காண முடியுமா?
— வாசகர், மயூர் விஹார் ஃபேஸ் 1

முடியும், லடாக்கில் செடிகொடி மறைக்காததால் எளிது. மூன்று தடங்களைத் தேடுங்கள்.

கரைக்கோடு: மலைச்சரிவில் படிபோல் ஓடும் மெல்லிய கோடு. த்ஸோ கார் ஏரியைச் சுற்றி இன்றைய நீர்மட்டத்துக்குப் பல பத்து மீட்டர் மேலேயும் இவை தெரியும். ஆட்டுத் தடத்தையும் ஆற்றுப் படியையும் கரைக்கோடு என்று எண்ணிவிடுவதே பொதுவான தவறு. ஆட்டுத் தடங்கள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும். ஆற்றுப் படி ஆறு ஓடும் திசையில் சரிந்துகொண்டே போகும். கரைக்கோடு மட்டும் நீர்மட்டமாக இருக்கும், பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கத்திலும் அதே உயரத்தில் இருக்கும். கைப்பேசியில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியைக் கோட்டுக்கு நேராகப் பிடித்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஸ்காட்லாந்தின் கிளென் ராய் பள்ளத்தாக்கில் 260, 325, 350 மீட்டர் உயரங்களில் மூன்று கோடுகள் உண்டு. சார்லஸ் டார்வின் 1839-இல் அவற்றைக் கடற்கரை என்று எழுதினார். அடுத்த ஆண்டே லூயி அகாசிஸ் பனி அடைத்த ஏரியின் கரை என்றார். அகாசிஸ் சொன்னதே நின்றது.

ஏரிப்படிவு: லாமாயுருவில் எல்லோரும் படம் எடுக்கும் மஞ்சள் மண்மேடுகள் ஒரு பழைய ஏரியின் தரை. அங்கே ஆற்றை அடைத்தது பனி அல்ல, மலைச்சரிவு. வண்டியை நிறுத்தி வெட்டுமுகத்தை அருகில் பாருங்கள். கிடைமட்டமாக மெல்லிய வரிகள், விரலில் தேய்த்தால் மாவு போன்ற நயம், கூழாங்கல் கிட்டத்தட்ட இல்லை என்றால் அசையாத நீரில் படிந்தது. வரிகளுக்கு நடுவே தனியாக ஒரு பெரிய கல் கீழ் வரிகளை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால், மிதந்த பனியிலிருந்து விழுந்திருக்க வாய்ப்புண்டு.

வெள்ளமேடு: பள்ளத்தாக்கு திடீரென அகலும் இடத்தில், இன்றைய ஆற்றுக்கு எட்டாத உயரத்தில், உருண்ட பெரும் பாறைகளின் குவியல்.

போகும் வழியில் ஒரு வேண்டுகோள். அடல் சுரங்கம் தாண்டி வரும் சிஸ்ஸுவுக்கு மேலே வளர்ந்துவரும் கேபன் பனியாற்று ஏரி இருக்கிறது. சந்திரா ஆற்றின் கரையிலோ ஓடைகள் வந்து சேரும் வாயிலோ கூடாரம் போடாதீர்கள். புதுச் சரளை கிடக்கும் திட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வெள்ளத்தின் இடம். மழையில்லாமல் ஓடை சட்டென வற்றினாலோ, நிறம் மாறி மண்வாடை அடித்தாலோ மேலே அடைப்பு விழுந்திருக்கலாம். சாமானை விட்டுவிட்டுச் சரிவில் நேர்மேலே ஏறுங்கள். ஆற்றோரமாகக் கீழே ஓட வேண்டாம், வெள்ளம் உங்களைவிட வேகமானது.

காஷ்மீர் முழுவதும் ஏரியாக இருந்தது என்கிறது நீலமத புராணம். அதுவும் பனி ஏரியா?
— வாசகி, லோதி எஸ்டேட்

ஏரி இருந்தது உண்மை. அணை பனி அல்ல. பீர் பஞ்சால் மலைத்தொடர் உயர்ந்து ஆறுகளை மறித்ததால் பல லட்சம் ஆண்டுகள் அங்கே ஏரி நின்றது. பின்னர் பாரமுல்லா வழியாக வடிந்தது. அதன் படிவுதான் கரேவா மேடுகள். பாம்போர் குங்குமப்பூ விளைவது அந்த மண்ணில்தான்.

முதுகலைச் செயல்திட்டமாக இமயமலை ஏரி ஒன்றை எடுத்திருக்கிறேன். வெள்ளத்தின் வேகத்தையும் ஏரியின் கொள்ளளவையும் வீட்டிலிருந்தே கணக்கிட வழி உண்டா?
— மாணவி, தில்லிப் பல்கலைக்கழகம்

உண்டு. செய்வதோடு, எங்கே பிழைக்கும் என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள். தேர்வாளர் அதைத்தான் தேடுவார்.

கொள்ளளவுக்கு: சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம், 10 மீட்டர் துல்லியம். செப்டம்பர் பிற்பாதி அல்லது அக்டோபர் படத்தையே எடுங்கள். ஜூலையில் மேகம் மறைக்கும், ஜனவரியில் ஏரி உறைந்து பனியோடு கலந்துவிடும். பச்சை அலைவரிசை மூன்றாவது, அண்மை அகச்சிவப்பு எட்டாவது. இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் நீர் இருக்கும் இடம் பளிச்சென எழும். மலைநிழலும் அதேபோல் எழும், அதுதான் பெரிய பொறி. உயர வரைபடத்தைச் சேர்த்து, சரிவு 10 பாகைக்கு மேல் உள்ள புள்ளிகளை நீக்கிவிடுங்கள். ஏரியின் மேற்பரப்பு சரியாது. கிடைத்த பரப்பைச் சதுர மீட்டரில் வைத்து 1.42 அடுக்குக்கு உயர்த்தி 0.104-ஆல் பெருக்கினால் கொள்ளளவு கன மீட்டரில் வரும். 10 ஹெக்டேர் ஏரிக்குச் சுமார் 13 லட்சம் கன மீட்டர், அதாவது சராசரி 13 மீட்டர் ஆழம். இந்தச் சூத்திரம் அளந்த சில ஏரிகளிலிருந்து வந்தது. உங்கள் ஏரி இதில் பாதியாகவும் இருக்கலாம், இரண்டு மடங்காகவும் இருக்கலாம். ஒரே எண்ணைத் தராமல் வரம்பாகத் தாருங்கள்.

வேகத்துக்கு: வெள்ளம் நகர்த்திய பெரும் பாறைகளில் ஐந்தாறின் நடு அச்சை (மிக நீளமானதும் மிகக் குறுகியதும் அல்லாத இடை அளவை) அளந்து சராசரி எடுங்கள். மில்லிமீட்டரில் வைத்து 0.487 அடுக்குக்கு உயர்த்தி 0.18-ஆல் பெருக்கினால் வேகம், வினாடிக்கு மீட்டரில். ஒரு மீட்டர் பாறைக்கு ஏறத்தாழ 5, மூன்று மீட்டர் பாறைக்கு ஏறத்தாழ 9. ஆனால் தெளிந்த நீர் உருட்டிய பாறைக்குத்தான் இது பொருந்தும். சேறும் கல்லும் குழைந்த ஓட்டம் இதைவிட மெதுவாக வந்தே பெரும்பாறையைச் சுமந்துவிடும். கேதார்நாத் கோயிலுக்குப் பின்னால் வந்து நின்ற பீம் சிலாவுக்கு இச்சூத்திரத்தைப் போட்டால் தவறான விடைதான் வரும். மேலே சரிவிலிருந்து தானாக உருண்டு விழுந்த பாறைகளையும் சேர்க்காதீர்கள். அவற்றின் முனைகள் கூர்மையாக இருக்கும்.

கேதார்நாத் 2013, சமோலி 2021, சிக்கிம் 2023. மூன்றும் ஏரி உடைப்புதானே?
— வாசகர், ஆர்.கே. புரம்

சமோலி இல்லை. 2021 பிப்ரவரி 7 அன்று ரோன்டி மலைமுகட்டின் ஒரு பகுதியே கழன்று விழுந்தது. பாறையும் பனியுமாகச் சுமார் 2.7 கோடி கன மீட்டர், பெரும்பங்கு பாறை. விழுந்த வேகத்தில் பனி உருகிச் சேற்றுவெள்ளமானது. மேலே ஏரி எதுவும் உடையவில்லை. ஏரிகளை மட்டும் கண்காணித்தால் போதாது என்பதற்கு அதுவே காரணம்.

கேதார்நாத்தில் சோராபாரி ஏரி. நம் ஊர் ஏரிக்குக் கலிங்கு இருக்கும். நிரம்பினால் உபரிநீர் அதன் வழியே போகும், கரை தப்பிக்கும். சோராபாரிக்குக் கலிங்கு போன்ற நிரந்தர வடிகால் கிடையாது, கரையோ பனியாறு ஒதுக்கிவிட்ட தளர்ந்த மொரைன் மண். தொடர்மழையும் உருகிய பனியும் சேர்ந்து நிரப்பின. 2013 ஜூன் 17 காலை கரை அறுந்து, ஏரி சில நிமிடங்களில் காலியானது.

சிக்கிமில் கதை வேறு. 2023 அக்டோபர் 3 இரவு, உறைந்திருந்த பக்கவாட்டு மொரைனிலிருந்து சுமார் 1.47 கோடி கன மீட்டர் மண் தெற்கு லோனக் ஏரிக்குள் சரிந்தது. எழுந்த அலை முன்கரையைத் தாண்டி அதை அறுத்தது. வெளியேறிய நீர் ஏறத்தாழ 5 கோடி கன மீட்டர். சுங்தாங்கில் 1,200 மெகாவாட் தீஸ்தா-3 திட்டத்தின் அணை அழிந்தது. நிரம்பி வழிந்தது ஒன்று, பக்கம் சரிந்து அலை எழுப்பியது மற்றொன்று. இரண்டாவது வகையில் முன்கரையை மட்டும் பலப்படுத்திப் பயனில்லை.

அபாயமான ஏரியை முன்கூட்டியே குழாய் போட்டு வடித்துவிடலாமே?
— ஓய்வுபெற்ற பொறியாளர், துவாரகா

தெற்கு லோனக்கில் 2016-இல் எட்டு அங்குலக் குழாய்கள் மூன்றை இறக்கி வடித்தும் பார்த்தார்கள். கரைமுகட்டைத் தாண்டி நீரை வெளியே இறக்கும் இத்தகைய குழாய்க்குச் சைஃபன் என்று பெயர்; அது இழுப்பது காற்றழுத்தத்தால். கடல்மட்டத்தில் அது நீரை 10 மீட்டர் வரை தூக்கும். 5,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் பாதிக்குச் சற்றே மேல். கணக்குப்படி ஐந்தரை மீட்டருக்குள், நடைமுறையில் நான்கு மீட்டரை நம்பலாம். கரைமுகடு அதற்குமேல் உயர்ந்திருந்தால் குழாயில் நீர்த்தூண் அறுந்துவிடும். மூன்று குழாயும் சேர்ந்து வினாடிக்கு 150 லிட்டர் இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: நாளொன்றுக்கு 13,000 கன மீட்டர். ஒன்றரைச் சதுர கிலோமீட்டர் ஏரியை ஒரு மீட்டர் இறக்க நான்கு மாதம், அதுவும் புது நீர் வராமல் இருந்தால். கோடையில் பனியாறு அதைவிட அதிகம் கொண்டுவந்து கொட்டும். குளிரில் குழாயே உறையும்.

கரையை வெட்டிக் கால்வாய் எடுப்பது நிலையான வழி. நேபாளத்தின் த்ஸோ ரோல்பாவை 2000-இல் மதகு வைத்த கால்வாயால் 3 மீட்டர் இறக்கினார்கள். ஆனால் மொரைனுக்குள் பழைய பனி புதைந்திருந்தால், வெட்டிய இடத்தில் வெயில் பட்டு உருகிக் கரை அமிழும். கால்வாயின் அடியைக் கல்லாலோ காங்கிரீட்டாலோ பூசாமல் விட்டால், ஓடும் நீரே அதை அறுத்து நீங்கள் தடுக்க நினைத்த உடைப்பை உண்டாக்கிவிடும். வடிக்க முடியாத இடத்தில் எச்சரிக்கைதான் உயிர் காக்கும். 1893-இல் கார்வாலில் மலை சரிந்து கோஹ்னா ஏரி உண்டானபோது அதிகாரிகள் கீழே ஹரித்வார் வரை தந்திக் கம்பி இழுத்தார்கள், மக்களை மேட்டுக்கு ஏற்றினார்கள். 1894 ஆகஸ்டில் ஏரி உடைந்து கார்வால் ஸ்ரீநகரை அடித்துச் சென்றது; உயிரிழந்தவர்கள் ஐந்து பேர். அந்தத் தந்திக் கம்பி இன்றும் ஒவ்வோர் ஏரிக்கும் கீழே வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

யமுனையின் மேலே ஓர் ஏரி உடைந்தால் தில்லி மூழ்குமா?
— வாசகி, லட்சுமி நகர்

கணக்குப் பார்ப்போம். மேலே சொன்ன 10 ஹெக்டேர் ஏரி முழுவதும், 2023-இல் ஹத்னிகுண்டில் பாய்ந்த உச்ச வெள்ளத்தின் வெறும் இரண்டு நிமிட ஓட்டம். தெற்கு லோனக்கிலிருந்து வந்த அத்தனை நீரும்கூட அந்த உச்ச வெள்ளத்தின் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவே. ஏரி வெள்ளம் உயரமான, ஆனால் சிறிது நேரமே நீடிக்கும் அலை. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் ஆற்றில் அது பரந்து தட்டையாகிவிடும். மேலே உள்ள கிராமங்களுக்குத்தான் அது எமன்.

தில்லியை மூழ்கடிப்பது நாட்கணக்கில் நீடிக்கும் மழைவெள்ளமும், குறுகிப்போன ஆற்றுப்படுகையும். 2019-இல் ஹத்னிகுண்டில் 8.28 லட்சம் கனஅடி வந்தபோது பழைய ரயில் பாலத்தில் 206.60 மீட்டர்தான், 2023-இல் அதில் பாதிக்கும் குறைவாக வந்து, மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டது. நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு எண்கள்: ஹத்னிகுண்டில் மணிக்கு மணி திறக்கும் அளவு, பழைய ரயில் பாலத்தின் நீர்மட்டம். ஹத்னிகுண்ட் நீர் தில்லி வந்துசேர ஒன்றரை முதல் மூன்று நாள் ஆகும். அபாய அளவு 205.33 மீட்டர், தாழ்வான பகுதிகளில் வெளியேற்றம் தொடங்குவது 206 மீட்டரில்.